சூனியம்

பெயர்ச்சொல். ‘வெறுமை, பாழ், ஒன்றுமில்லாமை’ என்ற பொருளுடைய ‘சூன்ய’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. கணிதத்தில் பூச்சியத்தையும், பௌத்தத் தத்துவத்தில் நாகார்ஜுனர் விளக்கிய வெறுமையையும் குறிக்கும். இவ்வடசொல்லின் பொருளை அரபியர் ‘ஸிஃப்ர்’ என்று மொழிபெயர்த்தனர். அதிலிருந்தே ஆங்கில ‘ஜீரோ’ பிறந்தது.

தமிழில் இச்சொல்லுக்கு மாந்திரீகத்தால் கேடு விளைத்தல் என்ற பொருளும் உண்டு. ஒருவரது வாழ்வைப் பாழாக்கும் வினை என்ற கருத்தில் இரு பொருள்களும் இணைகின்றன. சூனியம் ‘வைக்கப்படும்’, ‘எடுக்கப்படும்’. ‘பில்லி சூனியம்’, ‘ஏவல்’ என்பன உடன்வரும் சொற்கள். வேண்டுமென்றே செய்வது சூனியம். பார்வையால் நேர்வதாகக் கருதப்படுவது திருஷ்டி. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஆயுத பூஜையன்று கடைவாசலில் உடைக்கும் பூசணிக்காய் திருஷ்டிக்கானது.

தனக்குத்தானே கேடு தேடுவதைச் ‘சொந்தக் காசில் சூனியம்’ என்பது பேச்சுவழக்கு. சிறுவர் கதைகளில் ‘சூனியக்காரி’ மேலைநாட்டு மந்திரக் கிழவியைக் குறிக்கும். ஆனால் பெண்களைச் சூனியக்காரிகள் எனப் பழித்துத் துன்புறுத்துவது கதையல்ல, கொடுமை. அதைத் தடுக்கப் பீகார் 1999இல் தனிச்சட்டம் இயற்றியது.