மூக்குக்கு எட்டாத வாயு

சேலத்துக்காரர்களுக்கு மேட்டூர் என்றால் ஆடிப்பதினெட்டு, அணை முனியப்பன், வறுத்த மீன். தண்ணீர் திறந்தால் செய்தி, திறக்காவிட்டால் பெரிய செய்தி. அணைக்குக் கீழே கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷமாக இன்னொரு வரலாறும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது காற்றின் வரலாறு. அந்தப் பக்கத்து ஆட்கள் அதை இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "கேஸ் அடிக்குது."

1934-இல் ஸ்டான்லி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டது. அடுத்த வருஷமே அணையில் மின் உற்பத்தி ஆரம்பம். இந்த வரிசை தற்செயல் அல்ல. உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா வரும், இன்னொரு பக்கம் குளோரின் வரும். சோடாவை சோப்பு ஆலையும் காகித ஆலையும் வாங்கிக்கொள்ளும். குளோரினை என்ன செய்வது? உலகம் முழுக்க இந்தத் தொழிலைத் துரத்திய கேள்வி இது. அதற்குக் கிடைத்த பெரிய பதில்களில் ஒன்று பி.வி.சி.

1967-இல் கெம்பிளாஸ்ட் நிறுவனம் மேட்டூரில் பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கியது. தொழில்நுட்பக் கூட்டாளி அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச். சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து எரிசாராயம், அதிலிருந்து எத்திலீன், அதோடு குளோரின் சேர்த்தால் எத்திலீன் டைகுளோரைடு, அதைச் சூட்டில் உடைத்தால் வினைல் குளோரைடு. கடைசியில் வெள்ளைப் பொடியாக பி.வி.சி. நம் தோட்டத்தில் கிடக்கும் பைப்பின் பூர்வீகம் கரும்பும் உப்பும்தான் என்று முதலில் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நடுவில் வரும் அந்த வினைல் குளோரைடில்தான் விஷயம் இருக்கிறது. அது பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் அதற்கு வாயு வடிவம் தவிர வேறு வழியில்லை. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், சுருக்கமாக வி.ஓ.சி., என்ற பெரிய குடும்பத்தில் அது ஒன்று.

1974 ஜனவரியில் குட்ரிச் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் இருந்த அதன் பி.வி.சி. ஆலையில் மூன்று தொழிலாளர்கள் ஆஞ்சியோசர்கோமா என்ற, மிக அரிதான கல்லீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். ஒரே ஆலையில் மூன்று பேர். இதைக் கவனித்தவர் ஆலை மருத்துவர் ஜான் க்ரீச். அந்த வாயு எலிகளுக்குப் புற்றுநோய் தருகிறது என்று இத்தாலிய மருத்துவர் வியோலா 1970-லேயே சொல்லியிருந்தார்.

அதுவரை அமெரிக்காவில் தொழிலாளி சுவாசிக்கலாம் என்று அனுமதித்த அளவு காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு. அந்த வருஷமே அதை 1 பங்கு ஆக்கினார்கள். இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வினைல் குளோரைடின் லேசான இனிப்பு வாடை மூக்குக்குத் தெரிய பத்து லட்சத்துக்குச் சுமார் 3000 பங்காவது வேண்டும். "நாத்தமே இல்லியே" என்று ஒருவர் நிம்மதியாக நிற்கும் இடத்தில், பாதுகாப்பு வரம்பைப் போல ஆயிரம் மடங்கு இருந்தாலும் அவருக்குத் தெரியாது.

அனல்மின் நிலையத்தின் கதை வேறு. மேட்டூரில் அதன் முதல் அலகு 1987-இல் வந்தது. பெரிய கொதிகலன் நிலக்கரியை நன்றாக எரித்துவிடுவதால் அதன் புகையில் வி.ஓ.சி. குறைவு; நைட்ரஜன் ஆக்சைடுகள் அதிகம். ஆனால் இந்த இரண்டும் வெயிலில் சந்தித்தால் ஓசோன் உருவாகும். 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் புகைமூட்டத்தை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மிட். அதற்கு முன் அவர் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அங்கே ஆக்சைடும் வி.ஓ.சி.யும் பெரும்பாலும் கார்களிலிருந்து வந்தன. மின் நிலையமும் ரசாயன ஆலையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஊரில், இரண்டின் புகையையும் தனித்தனிக் கணக்காகப் பார்த்தால் போதாது. மேட்டூரில் வெயிலுக்கும் பஞ்சமில்லை.

நம் சட்டம் என்ன செய்தது? காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. ஆரம்பகாலத் தரங்கள் தூசியையும் கந்தகத்தையுமே முக்கியமாகப் பார்த்தன. 2004-இல் கடலூர் சிப்காட் பகுதி கிராமத்தினர் வாடை வந்த நேரத்தையும் அதன் வகையையும் குறித்துவைத்து, பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் தெரிந்தன. அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 2009-இல், ஊர்க் காற்றுக்கான தேசியத் தரப் பட்டியலில் பென்சீனும் ஓசோனும் ஏறின.

அந்தப் பட்டியலில் மொத்தம் 12 பெயர்கள். வினைல் குளோரைடு அதில் இல்லை. ஆலைப் புகைபோக்கிகளுக்குத் தனி விதிகள் உண்டுதான். ஆனால் வேலிக்கு வெளியே இருக்கும் வீட்டுத் திண்ணைக்கு இந்தப் பட்டியல்தான் காவல்.

கண்ணுக்குத் தெரிந்ததைச் சட்டம் முதலில் பிடித்தது. மூக்குக்குத் தெரிந்ததைக் கடலூரில் ஊர்க்காரர்களே பிடித்தார்கள். இரண்டுக்கும் எட்டாததை லூயிவில்லில் தொழிலாளியின் கல்லீரல்தான் காட்டிக்கொடுத்தது. பதிவு எழுதாத சர்வரில் பிழையே இல்லை என்று எங்கள் தொழிலில் யாரும் நம்பமாட்டோம். "கேஸ் அடிக்குது" என்று யாரும் சொல்லாத நாட்களிலும் அணைக்குக் கீழே ஒரு கருவி ஓடவேண்டும். அதன் எண்கள் அங்கே குடியிருப்பவர்களுக்குத் தமிழில் தெரியவேண்டும்.