எந்தக் காலேஜ்?

மாவட்டத் தலைநகரத்து அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்த நம் பிள்ளைகள் சென்னைக்குப் போய் ஒரு நிதிக் கம்பெனியில் வேலை கேட்டால் முதலில் வருகிற கேள்வி, 'எந்தக் காலேஜ்?' பேரைச் சொன்னால், 'அது எங்க இருக்கு?' நல்ல காலேஜ் பேர் மட்டும் இருந்திருந்தால் கதவு திறந்திருக்கும் என்று பிள்ளைகளும் நம்புகிறார்கள். அவர்களுக்கு 1917இன் பம்பாயைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு நாடு திரும்பிய அம்பேத்கர் எல்பின்ஸ்டன், கொலம்பியா, லண்டன் பொருளாதாரப் பள்ளி என்று மூன்று பேர்களைக் கையில் வைத்திருந்தார். படிக்க உதவிய பரோடா மகாராஜாவுக்கு அவரை நிதியமைச்சராக்கும் எண்ணம் இருந்தது. முதலில் ராணுவச் செயலாளர் பதவி. ஆபீசில் பியூன்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேசைமேல் வீசினார்கள். பார்சிப் பேரில் தங்கியிருந்த விடுதியிலிருந்து பதினோராம் நாள் தடியோடு வந்த பார்சிகள் விரட்டினார்கள். அவர் பம்பாய்க்கே திரும்பினார்.

அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. பங்கு, பத்திரம் வாங்கி விற்கிறவர்களுக்கு யோசனை சொல்லும் ஆபீஸ் ஒன்று போட்டார். தொழில் நன்றாகத்தான் தொடங்கியது. யோசனை சொல்கிறவர் மகார் என்று தெரிந்ததும் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். இங்கே தொடுவதற்கு என்ன இருக்கிறது? சோறில்லை, தண்ணீரில்லை. வாய்ச்சொல்தான், அதுவும் காசு பண்ணித் தரும் சொல். லாபம்னு வந்தா வியாபாரி சாதி பார்க்கமாட்டான் என்று சொல்கிற தோழர்கள் இந்த ஆபீஸ் மூடிய கதையைப் படிக்கட்டும்.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கேயும் பானைத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் முனகினார்கள். சம்பளத்தில் மிச்சம்பிடித்தது, கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா தந்தது, நண்பர் கொடுத்த கடன் எல்லாம் சேர்த்து 1920இல் மறுபடி லண்டன். 1923இல் ரூபாய்ப் பிரச்சினை பற்றிய அவர் நூல் வந்தது. 1925இல் ஹில்டன் யங் குழுமுன் சாட்சியம் சொன்னார். (ரிசர்வ் வங்கியையே அவர்தான் உண்டாக்கினார் என்று நம்மவர்கள் எழுதுவது மிகை. அந்த மிகை இல்லாமலே அவர் செய்தது பெரிது.)

தமிழ்நாட்டுக் கதை வேறு வழியில் போனது. 1907இல் இந்தியன் வங்கி, 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. இரண்டுமே செட்டியார் மூலதனத்தோடு வளர்ந்தவை. வங்கி வேலை என்பது தெரிந்தவர், சொந்தக்காரர், சிபாரிசுக் கடிதம் என்று ஓடிய காலம் அது. சேரிக்கு எவன் சிபாரிசு பண்ணுவான்? 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசவுடைமையாயின. இவை இரண்டும் அதில் உண்டு. 1980இல் இன்னும் ஆறு. எழுபதுகளில் இடஒதுக்கீடு வந்தது. 1978இல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் அமைந்தன. விடைத்தாளுக்குக் காலேஜ் பேர் தெரியாது, அப்பன் பேரும் தெரியாது. எண்பதுகளில் நம் தெருக்களில் முதல் மாடி வீடு கட்டியவர்களில் வங்கி கிளார்க்குகள் பலர் உண்டு என்பது தற்செயல் இல்லை.

உள்ளே போனபின் படியேறுவது தனிச் சண்டை. அதிகாரிகளின் பதவி உயர்வில் ஆறாம் படிநிலை வரை இடஒதுக்கீடு உண்டு என்று 2015 ஜனவரியில் சொன்ன உச்சநீதிமன்றம், 2016 ஜனவரியில் அதைத் திருத்தித் திரும்பப் பெற்றது. ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை.

வாரியங்கள் 2001இல் கலைக்கப்பட்டன. 2011 முதல் பெரும்பாலான பொதுத்துறை வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு. கிளார்க் வேலைக்கு இப்போது நேர்காணலும் கிடையாது. எந்தப் பல்கலைக்கழகப் பட்டமானாலும் எழுதலாம். தனியார் வங்கிகளில் இடஒதுக்கீடே இல்லை. அவர்கள் அதிகாரி வேலைக்கு ஆள் எடுக்க நேராகப் பேர்பெற்ற காலேஜ்களின் வளாகத்துக்குப் போய்விடுகிறார்கள். அரசு கலைக் கல்லூரி வாசலில் அவர்கள் கார் நிற்பதில்லை.