வடமராட்சியும் கடல்கடந்த கல்வியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே கடலை நோக்கி அமைந்த ஊர் வல்வெட்டித்துறை. கப்பல் கட்டுதலும் கப்பல் ஓட்டுதலும் இவ்வூர் மக்களின் குலத்தொழிலாய் நெடுங்காலம் விளங்கின. நாகபட்டினத்துக்கும் பர்மாவின் துறைகளுக்கும் இங்கிருந்து பாய்க்கப்பல்கள் சென்று வந்தன. 1930-ஆம் ஆண்டில் இங்கே கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் கப்பலை ரொபின்சன் என்னும் அமெரிக்கர் பின்னர் விலைக்கு வாங்கினார். 1937-இல் பயணம் தொடங்கிய அக்கப்பலை வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். மாலுமிகள் ஊர் திரும்பினர்.

இந்த வரலாற்றை வல்வெட்டித்துறையில் அறியாதார் இலர். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில், இவ்வூரைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலிருந்து வேறொரு வகைக் கடற்பயணமும் தொடங்கியிருந்தது. அது சரக்கேற்றிச் சென்ற பயணமன்று. கல்வி தேடிச் சென்ற பயணம். அதற்கு மரக்கலமாய் அமைந்தது புலமைப்பரிசில்.

கடல்கடந்து கற்பதற்குச் செல்வம் வேண்டும். கப்பற் கட்டணம், கல்லூரிக் கட்டணம், உணவு, உறையுள், குளிருக்கேற்ற உடை என்று செலவுகள் நீளும். தோட்டஞ் செய்வோர் வீட்டிலோ, ஆசிரியர் வீட்டிலோ பிறந்த பிள்ளைக்கு அது எட்டாக் கனி. இச்செலவு முழுவதையும் அரசோ பல்கலைக்கழகமோ ஏற்றுக்கொண்டாலன்றி வழி இல்லை. கணித மேதை இராமானுசன் 1914-இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றதும் அவ்வாறே. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் அளித்தது. அதில் ஒரு பகுதி கும்பகோணத்திலிருந்த அவர் குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. சென்றவருக்கு மட்டுமன்றி, அவரை நம்பி வீட்டில் இருந்தோருக்கும் அப்பரிசில் சோறளித்தது.

இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சியின்போது ஏற்பட்ட பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே கிடைத்தது. கொழும்பிற் பயின்ற பொன்னம்பலம் அருணாசலம் 1870-இல் தமது பதினேழாம் வயதளவில் அத்தகைய பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்தார். திரும்பி வந்து அரசாங்கச் சேவையில் உயர்ந்த அவர், 1906-இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தாம் கடல்கடந்து பெற்றதை நாட்டிலுள்ளோர் நாட்டிலேயே பெறவேண்டும் என்பது அவர் விருப்பம். 1921-இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் எழுந்தன.

அருணாசலம் செல்வக் குடும்பத்தவர், தலைநகரில் வளர்ந்தவர். கிராமத்துப் பிள்ளைக்கு இவ்வாயில் திறப்பதற்கு நல்ல பள்ளிகள் வேண்டியிருந்தன. வடமராட்சியில் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியும், உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரியும், வல்வெட்டித்துறைச் சிதம்பராக் கல்லூரியும் அப்பணியைச் செய்தன.

புலோலியில் 1903-இல் பிறந்த க. கணபதிப்பிள்ளை இலண்டன் சென்று, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்களின் மொழியை ஆராய்ந்து 1935-இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் திரும்பிவந்து தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்ததோடு, யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலேயே நாடகங்களும் எழுதினார். இலண்டனிற் கற்ற மொழியியல், தம் ஊரவர் வாய்ச்சொல்லை இழிவென்று எண்ணாதிருக்க அவருக்குக் கற்பித்தது.

நவிண்டிலில் 1918-இல் பிறந்தவர் கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர். ஹாட்லியிலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, கணிதத்தில் முதல் வகுப்பிற் சித்தியடைந்து, புலமைப்பரிசிலுடன் கேம்பிரிட்ஜ் சென்றார். அருணாசலம் கற்ற அதே கிறைஸ்ட் கல்லூரி அவரையும் ஏற்றது. இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த காலம் அது. அங்கே அவருக்கு வழிகாட்டியவர் நோபல் பரிசு பெற்ற போல் டிராக். கதிர்வீசும் இலத்திரனுக்கு டிராக் வகுத்த சமன்பாட்டின்படி, அணுக்கருவை நோக்கி நேரே செல்லும் இலத்திரன் கருவை அடையாது; இடையிலே திரும்பி அப்பால் ஓடிவிடும். இந்த விந்தையான முடிவை 1943-இல் நிறுவியவர் எலியேசர்.

1949-இல், முப்பத்தொரு வயதளவில், இலங்கைப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரானார். பத்தாண்டு பணியாற்றியபின் 1959-இல் மலாயாவுக்கும், 1968-இல் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று, 2001-இல் மெல்போர்னில் மறைந்தார்.

மூன்றாமவர் வல்வெட்டித்துறைக்கு மிக அண்மையர். உடுப்பிட்டியை அடுத்த இமையாணனில் 1934-இல் பிறந்த அழகையா துரைராசா அவர். அவர் பதினோராம் வயதை எட்டும் காலத்தில், 1945-இல், இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணமின்றிக் கற்கும் தலைமுறையொன்று எழுந்தது. அத்தலைமுறையைச் சேர்ந்த துரைராசா 1957-இல் குடிசார் பொறியியலில் முதல் வகுப்பிற் சித்தியடைந்து, பின்னர் கேம்பிரிட்ஜை அடைந்தார்.

அங்கே அவர் ஆராய்ந்த பொருள் மண். மண்ணின் மீதே வீடும் அணையும் பாலமும் நிற்கின்றன. ஆயினும் மண் எப்போது தாங்கும், எப்போது வழுக்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது அரிது. களிமண்ணின் வலிமை ஒட்டுந்தன்மை, உராய்வு என்னும் இரண்டினாலும் அமைவது என்று பொறியியலார் நெடுங்காலம் கருதினர். துரைராசா கயோலின் என்னும் வெண்களியை அழுத்திச் சிதைத்து, அதனுள்ளிருந்த நீரை வடியவிட்டும் வடியவிடாதும் சோதித்தார். ஒவ்வொரு படியிலும் செலவான சக்தியை அளந்தார். அச்செலவு உராய்வு ஒன்றினாலேயே விளக்கத்தக்கது என்பதை அளவீடுகள் காட்டின. ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963-இல் வெளியிட்ட கட்டுரை மண் பொறியியலில் ஒரு மைல்கல். அவ்வாராய்ச்சியிலிருந்து பிறந்த கோட்பாட்டுக்குக் கேம்பிரிட்ஜ் ஆற்றின் பெயரால் ‘கேம் களி’ எனப் பெயரிட்டனர். பெயர் அந்த ஆற்றினுடையது. உழைப்பில் ஒரு பங்கு வடமராட்சி மைந்தனுடையது.

1962-இல் கலாநிதிப் பட்டம் பெற்ற துரைராசா தாயகம் திரும்பிப் பேராதனையிற் கற்பித்தார்; பொறியியற் பீடாதிபதியானார். 1988 செப்டெம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி அவரை அழைத்தது. அதற்கு முந்தின ஆண்டு ஒக்டோபரில் அப்பல்கலைக்கழக வளாகமே போர்க்களமாயிருந்தது. 1990-இல் மீண்டும் போர் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் அற்றது, எரிபொருளும் அரிதாயிற்று. உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் வரவேற்றிருக்கக் கூடிய அறிஞர், துணைவேந்தராயிருந்தும் மிதிவண்டியிற் பயணஞ் செய்தார். வகுப்புக்கள் நடந்தன, தேர்வுகள் நடந்தன. கிளிநொச்சியில் விவசாய பீடம் 1990-இல் தொடங்கியது. 1994 ஜூன் 11-ஆம் நாள், பதவியிலிருந்தவாறே, அறுபது வயது நிறையுமுன் அவர் காலமானார்.

மேற்படிப்புக்கு அனுப்பப்படுவோர் பொதுவாக ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிடுவர்: திரும்பிவந்து குறித்த ஆண்டுகள் பணியாற்ற வேண்டும், தவறினால் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அந்தக் கணக்கு எளிது. ஆண்டுகள் கழிந்தால் தீரும். எழுதப்படாத கணக்கு ஒன்றும் உண்டு. கட்டணமின்றிக் கற்பித்த நாட்டுக்கும், விளக்கடியில் உடனிருந்த வீட்டுக்கும், கரும்பலகையின் முன் நின்ற ஆசிரியருக்கும் உரிய கணக்கு அது. அதனைத் தீர்க்கும் வழி அவரவர்க்கு வேறு. கணபதிப்பிள்ளை தம் ஊர்மொழிக்கு மதிப்பளித்துத் தீர்த்தார். எலியேசர் தம் நாட்டில் ஒரு பத்தாண்டும், பிற நாடுகளில் எஞ்சிய வாழ்வும் கணிதம் கற்பித்துத் தீர்த்தார். துரைராசா கடினமான காலத்தில் கடினமான இடத்துக்கு வந்து தீர்த்தார். வெளியே சென்றவரைப் பழிப்பதும் தகாது; 1956-க்குப் பின் இந்நாட்டில் நேர்ந்தவற்றை அறிந்தோர் அவ்வாறு பழியார். ஆயினும் நின்றவரை நினையாதிருப்பதும் தகாது.

அன்னபூரணியைச் செலுத்திய மாலுமிகள் கப்பலைச் சேர்ப்பித்தபின் ஊர் திரும்பினர். அவர்களைக் காத்து மணற்கரையில் மனைவியரும் மக்களும் நின்றிருப்பர். புலமைப்பரிசில் பெற்றுச் செல்லும் ஒவ்வொருவருக்கும் அத்தகைய கரையொன்று உண்டு. பட்டம் பெற்ற நாளோடு அவர் பயணம் முடிவதில்லை. அந்தக் கரையை அவர் மறவாதிருக்கும் வரையிலே, அவரை அனுப்பியோர் கொடுத்த பொருள் வீணாவதில்லை.