கொங்கு நாட்டுத் திரைப்படத் தாள்களும் அவற்றின் விலையேற்றமும்

வரலாற்றுக்குச் சான்றாவன கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் மட்டுமே எனக் கருதிய காலம் கழிந்தது. மக்கள் படித்துக் கசக்கி எறிந்த தாள்களும் இன்று சான்றுகளாக மதிக்கப்பெறுகின்றன. அவற்றுள் திரைப்படப் பாட்டுப் புத்தகம், சுவரொட்டி, துண்டு விளம்பரம் ஆகியன குறிப்பிடத்தக்கன. கொங்கு நாட்டை நிலைக்களனாகக் கொண்டு, இத்தாள்களின் பயனையும், அவற்றின் விலையேற்றத்தால் விளையும் நன்மை தீமைகளையும் ஈண்டு ஆராய்வோம்.

திரைப்பட வரலாற்றில் கோவைக்குத் தனியிடம் உண்டு. இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரமிட்டுப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். அதன் பெயர் இன்றும் ஒரு சாலைக்கு வழங்குகின்றது. பின்னர்ச் சென்ட்ரல் ஸ்டூடியோவும், சீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோவும் தோன்றின. எம்.ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் தலைமை வேடம் தாங்கிய ‘இராஜகுமாரி’ (1947) சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவாயது. ‘மலைக்கள்ளன்’ (1954) பட்சிராஜாவின் படைப்பாகும்.

அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆயது. நாளடைவில் தானே சிதைவது. அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க அழிக்கப்பெற்ற சுருள்களும் உண்டு. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) உட்பட, முப்பதுகளின் படங்களுட் பெரும்பாலானவை இன்று கிடைத்தில. படம் அழிந்தவிடத்துப் பாட்டுப் புத்தகமே எஞ்சிய சான்றாகின்றது. ஓரணா, இரண்டணாவிற்கு விற்ற அச்சிறு நூலில் நடிகர், தொழில்நுணுக்கத்தார் பெயர்களும், கதைச்சுருக்கமும், பாடல்களும், பலவற்றில் இராகமும் தாளமும் காணப்பெறும்.

இவற்றைக் காத்தவர் பெரும்பாலும் தனி மனிதரே. கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக, திரைப்படத் தாள்களையும் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்குப் பெற்றுச் சென்னையிலேயே நூலகமாக நிலைபெறச் செய்தது. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் (மறைவு 2016) வாழ்நாள் முழுதும் தொகுத்த தொகுப்பைத் தமிழ்நாடு அரசு பெற்றுக்கொண்டது. விலை மதிப்பில்லாத காலத்தே இவர்களைத் தூண்டியது பொருளன்று; தேடியது கைக்கெட்டும்பொழுது எழும் உவகையே ஆகும்.

இன்று நிலை மாறியுள்ளது. அணாக்கணக்கில் விற்றதனை ரூபாய்க்கணக்கில் விலை பேசுகின்றனர். ‘மெட்ரோபோலிஸ்’ (1927) என்னும் செருமானியப் படத்தின் சுவரொட்டியொன்று 2005-இல் 6,90,000 டாலருக்கு விலைபோயிற்று. விலையேற்றத்தால் நன்மை இல்லாமல் இல்லை. பழைய தாள் கடைக்கு எடைக்குப் போவது தடைப்படுகின்றது. ஆயின் தீமையும் உண்டு. ஒருவர் தொகுத்த தொகுப்பு தாள் தாளாகச் சிதறுகின்றது. எவ்வூரில், யார் வீட்டில் இருந்தது என்னும் குறிப்பு அற்றுப்போகின்றது. புகழ்பெற்ற நடிகரின் தாள் விலைபோக, பெயர் மறைந்த நடிகரின் தாள் புறக்கணிக்கப்பெறுகின்றது. வரலாற்றிற்குப் பின்னதே பெரிதும் வேண்டற்பாலது. மேலும், பழைய தாளைப் போன்று புதிதாக அச்சிட்டு விற்பார்க்கும் இவ்வேற்றம் இடந்தருகின்றது.

விலையைத் தடுத்தல் இயலாது. பதிவு செய்தல் இயலும். தாளை உரியவரிடமே விட்டு, அதன் படியையும், கிடைத்த இடம், பதிப்பித்த அச்சகம், விலை ஆகிய குறிப்புகளையும் எடுத்துக்கொண்டாற் போதும். பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைச் சார்ந்த கலை அறிவியற் கல்லூரி உள்ளது. அவ்வூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலைவழியே ஊர் ஊராக முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்ளலாம். சுவடி தேடி ஊர்தோறும் நடந்த உ.வே. சாமிநாதையரின் நெறி, நேற்றைய தாளுக்கும் பொருந்துவதே என்பது நம் கருத்து.