அலர்ஜி இரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தால் இறாலை நிறுத்த வேண்டுமா?

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கடைப்பு, இரவில் வீசிங். பாலிங், கூப்பாங், கோலகெட்டில் வட்டாரத்தில் இருக்கும் உங்களுக்கும் இந்தத் தொல்லை இருக்கலாம். "ஒரு பிளட் டெஸ்ட் எடுத்தா எது ஒத்துக்கலன்னு தெரிஞ்சிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதிதான் உண்மை.

எதைத் தேடுகிறார்கள்?

நம் உடல் ஒரு பொருளை எதிரி என்று தவறாக நினைக்கும்போது, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை உருவாக்குகிறது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் சுவீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் இதைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். எந்தப் பொருளுக்கு எதிராக எவ்வளவு ஐஜிஇ இருக்கிறது என்பதை இரத்தத்தில் அளக்கலாம். லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட் என்பது வழக்கமான எல்லைக்கோடு.

தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குச் சில நாட்களுக்கு முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு அது தேவையில்லை.

'பாசிட்டிவ்' என்றால் நோயா?

இல்லை. உடல் அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் உங்களுக்குத் தொல்லை வருகிறதா என்பதை அறிகுறிகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

நம் நாட்டின் ஈரமான வெப்பம், மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிக்கு ரொம்பவே வசதி. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சியில் இருக்கும் ஒரு புரதம், இறாலில் இருக்கும் புரதத்தைப் போன்றது. அதனால் தூசிப்பூச்சி அலர்ஜி உள்ளவருக்கு இறாலுக்கும் 'பாசிட்டிவ்' வரலாம். இத்தனை நாள் இறால் சம்பல் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையா? அந்த எண்ணுக்காக மட்டும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ, வீட்டில் சோதித்துப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

மொத்த ஐஜிஇ அளவும் தனியாக எதையும் நிரூபிக்காது. குடல் புழு இருந்தாலும் அது கூடும்.

இந்தப் பரிசோதனையில் எது தெரியாது?

ஒட்டுப்பால் நாற்றம், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட், புகைமூட்டம், சிகரெட் புகை. இவையெல்லாம் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி வீசிங்கைக் கிளப்பலாம். ஆனால் இவற்றை ஐஜிஇ காட்டாது. ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்பதால் ஆஸ்துமா இல்லை என்றும் ஆகாது. ஆஸ்துமாவை ஊதிப் பார்க்கும் பரிசோதனையால்தான் உறுதி செய்வார்கள். ரப்பர் கையுறை போட்டால் அரிப்போ தும்மலோ வருகிறதா? அதையும் சொல்லுங்கள். ரப்பர் பாலின் புரதத்துக்குத் தனிப் பரிசோதனை உண்டு.

ஐஜிஜி அளவைப் பார்த்து, சாப்பிடக் கூடாதவை என்று நீளமான பட்டியல் தரும் 'ஃபூட் டெஸ்ட்' பேக்கேஜ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அவை அலர்ஜியைக் கண்டறியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* எப்போது, எங்கே, எதைத் தொட்ட பிறகு தொல்லை வருகிறது என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள்.
* அதை முதலில் அரசாங்க கிளினிக் டாக்டரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கொடுப்பார்.
* தூசிப்பூச்சிதான் காரணம் என்றால், படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள்.
* ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறினால், உடனே 999-ஐ அழையுங்கள்.