வாசற்படியில் நின்றுவிட்ட சட்டம்

கொலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? இருட்டு, தனிவழி, முகமூடி அணிந்த முரடன், மின்னும் கத்தி! கதைகளும் திரைப்படங்களும் தீட்டித் தந்த ஓவியம் அது. கணக்கேடு காட்டும் ஓவியமோ வேறு. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் கொலையுண்டோர் ஏறத்தாழ 4,58,000 பேர் என்று ஐக்கிய நாடுகள் மன்றத்தின் குற்றத் தடுப்பு அலுவலகம் மதிப்பிட்டது. அவர்களுள் நூற்றுக்கு 81 பேர் ஆண்கள். "பார்த்தீரா, பெண்ணினம் பத்திரமாகத்தான் இருக்கிறது!" என்று முழங்கிடப் பழமை விரும்பி எவரேனும் எழக்கூடும். அமரச் சொல்லுங்கள் அவரை. கொலையுண்ட பெண்களுள் நூற்றுக்கு 56 பேர், கணவனாலோ காதலனாலோ குடும்பத்தாராலோ மாண்டவர்கள். ஆண்களில் அப்படி மாண்டோர் நூற்றுக்கு 11 பேரே! ஆணுக்குத் தெருவிலே ஆபத்து. பெண்ணுக்கு, அவள் கோலமிட்டுக் காத்த வீட்டிலே.

இயற்கையின் நியதியா இது? மனிதர் எழுதிவைத்த விதியா? இங்கிலாந்து நாட்டு வரலாறு விடை கூறும்.

14-ஆம் நூற்றாண்டு. ஆக்ஸ்ஃபோர்டு, கலைமகள் குடிகொண்ட நகரமென நம்மவர் வாய்பிளந்து போற்றும் ஊர். மரண விசாரணை ஏடுகளை இக்காலத்து ஆய்வாளர் புரட்டிப் பார்த்தபோது, இலட்சம் பேருக்கு 60 முதல் 75 வரை ஆண்டுதோறும் கொலையுண்டிருக்கலாம் எனக் கண்டனர். இன்றைய இங்கிலாந்தில் அது ஏறக்குறைய ஒன்று! வெட்டியவர், வெட்டுண்டவர் இருதரப்பிலும் பெரும்பாலோர் மாணவ வாலிபர். சமயக் கல்வி பயின்றவர். அன்பே வடிவான ஆண்டவனைப் பற்றிப் பகலில் பாடம், அந்தியில் மதுக்கடை வாயிலில் குத்துவாள்!

அந்தக் கொலைவெறி காலப்போக்கில் தணிந்தது. பழிக்குப்பழி வாங்கும் உரிமையை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது, நீதிமன்றம் நிமிர்ந்தது, வாள் ஏந்துவது வழக்கொழிந்தது. தெருவிலே அமைதி வந்தது. ஆனால், தெருவைத் திருத்திய அதே சட்டம் வீட்டு வாசற்படியிலே நின்றுவிட்டது. நின்றதோடு விட்டதா? உள்ளே இருந்த ஆண்மகனுக்குக் காவலும் புரிந்தது!

1351-ஆம் ஆண்டு, மூன்றாம் எட்வர்டு ஆட்சி. எசமானனைக் கொன்ற வேலைக்காரனும் கணவனைக் கொன்ற மனைவியும் 'சிறு இராசத்துரோகி' எனச் சட்டம் செய்தனர். கணவன் அரசனாம், இல்லம் அவன் அரசாங்கமாம்! மனைவியைக் கொன்ற கணவன்? அவன் வெறும் கொலைகாரன், துரோகி அல்லன். துரோகக் குற்றம் சாட்டப்பட்ட ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்குத் தீ. 1726-ஆம் ஆண்டு, கணவனைக் கொல்வித்தாள் எனத் தீர்ப்புப் பெற்ற கேதரின் ஹேய்சு என்பாளை டைபர்ன் திடலில் கொளுத்தினர். முதலில் கழுத்தை நெரித்துவிட்டுத் தீயிடுவது வழக்கம். அன்று தீ முந்திக்கொண்டது, உயிரோடு வெந்தாள். உடன் குற்றவாளியான ஆணுக்குத் தூக்குக் கயிறு மட்டுமே. பெண்களை எரிப்பது 1790-இல் நின்றது. சிறு துரோகம் என்ற குற்றமே 1828-இல்தான் மறைந்தது.

மறுபுறம் பாருங்கள். பிறர் மனைவியைக் கூடுவது ஆடவன் ஒருவனின் உடைமைமீது நடத்தும் மிகப்பெரும் அத்துமீறல் என்று தலைமை நீதிபதி ஹோல்ட் 1707-இல் உரைத்தார். உடைமை! நிலம், மாடு, மனைவி. அந்நிலையில் கணவன் கள்ளக்காதலனைக் கொன்றால் அது கொலையன்று, குறைந்த குற்றம்.

வயதுக் கணக்கும் உண்டு. வாலிபனே மிகுந்த ஆபத்தில் இருப்பவன் என நினைப்போம். இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் பல ஆண்டுக் கணக்குகளில், மக்கள்தொகை விகிதப்படி முதலிடத்தில் நிற்பது ஒரு வயது நிரம்பாத குழந்தை! கொல்வோர் பெரும்பாலும் பெற்றோரே. 1624-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குக் கண்ட மருந்து யாது? மணமாகாத தாய் குழந்தையின் சாவை மறைத்தாலே போதும், அது இறந்தே பிறந்தது என மெய்ப்பிக்காவிடில் அவளுக்குத் தூக்கு. தந்தை யார்? கேட்பார் இல்லை. 1803-இல் அது நீங்கியது. 1834-இன் ஏழையர் சட்டமோ, அத்தகைய குழந்தையின் சுமையைத் தாயின் தலையிலேயே ஏற்றிற்று. பணம் பெற்றுக் குழந்தை வளர்ப்பதாகச் சொல்லிப் பட்டினியிட்டுச் சாகடிக்கும் தொழில் கிளம்பியது. மார்கரெட் வாட்டர்சு என்பாள் 1870-இல் தூக்கிலேறிய பிறகே, 1872-இல் குழந்தை உயிர்க்காப்புச் சட்டம் பிறந்தது. பெற்ற தாயின் மனக்குலைவை உணர்ந்து தண்டனையைத் தளர்த்திய சட்டத்துக்கோ 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கணவனின் சினத்துக்குக் கவரி வீசிய பழைய விதியை இங்கிலாந்து 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. மனைவியின் நடத்தையை மட்டும் காரணங்காட்டித் தப்பலாகாது என்றும் எழுதிற்று. 'கடுமையான, திடீர்ச் சினமூட்டல்' என்ற விதிவிலக்கு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2024 சூலை முதல் நாள், அச்சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறிற்று, எண் மாறிற்று. அந்த விதிவிலக்கு அப்படியே இருக்கிறது.