டிமீட்டரும் செவிலித்தாயும்

தங்கவயல் தமிழராகிய நமக்கு, மண் பிளந்து ஒருவரை உள்ளிழுத்துக்கொள்ளும் கதை வெறுங்கற்பனையாகத் தோன்றுவதில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய பணிக்கு வட ஆர்க்காட்டினின்றும் சேலத்தினின்றும் வந்தோரின் வழியினர், காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர். மேலே காத்திருந்தவர்கள் தாய்மாரும் மனைவியரும். ஆகவே கிரேக்கரின் டிமீட்டர் கதையில் நம் நெஞ்சம் முதலில் தாயின் பக்கமே சாய்கிறது.

டிமீட்டர் பயிர்களின் தெய்வம். மலர் கொய்துகொண்டிருந்த அவள் மகள் பெர்சபோனைப் பாதாள வேந்தன் ஹேடிஸ் கவர்ந்து செல்கிறான். ஒன்பது நாள் தீப்பந்தம் ஏந்தித் தேடிய தாய், பின்னர்ச் சினந்து விளைச்சலையே நிறுத்திவிடுகிறாள். மகள் மீள்கிறாள், ஆயினும் கீழுலகில் மாதுளை விதை உண்டமையால், ஆண்டில் மூன்றில் ஒரு பங்கை அங்கே கழிக்க நேர்கிறது.

பழைய பாடலில் அவ்விதை ஹேடிஸின் சூழ்ச்சியால் ஊட்டப்பட்டது. பிற்காலத்தார் சிலர் அவளே விரும்பி உண்டதாகச் சொல்லி, தாயின் கடுங்காவலை நீங்கும் அடையாளமாக மாதுளையை ஆக்கினர். கவர்ந்து செல்லப்பட்டவளின் கதையை விடுதலைக் கதையாக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. லூயிஸ் கிளிக்கின் ‘அவெர்னோ’ (2006) இவர்களினும் நேர்மையானது. தாய்க்கும் காதலனுக்கும் நடக்கும் வழக்கில் மகள் வெறும் பொருளாய் நிற்பதை அது மறைக்கவில்லை.

அப்பழைய பாடலில் பலரும் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்றுண்டு. எலியூசிஸில் டிமீட்டர் செவிலியாய் அமர்ந்து, அரசமகவை இரவுதோறும் தீயிலிட்டுச் சாவாமை தர முயல்கிறாள். பெற்ற தாய் கண்டு அலறுகிறாள்; அவ்வலறலால் மகவு அவ்வரத்தை இழக்கிறது. எந்தத் தாய்தான் அலறாதிருப்பாள்!

நம் அகப்பாடல்கள், மகளை வீட்டில் அடைத்துக் காத்தலை இற்செறிப்பு என்றன. அவள் விரும்பியவனுடன் செல்லுதலை உடன்போக்கு என்றன. இங்கே கவர்ந்து செல்வோன் இல்லை. மகளின் விருப்பமே முதல். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகைப் பாட்டில், மகளைத் தேடிச் சுரவழி வரும் செவிலி அந்தணரை வினவுகிறாள். சந்தனம் பிறந்த மலைக்கும், முத்து பிறந்த கடலுக்கும், இசை பிறந்த யாழுக்கும் அவற்றால் என்ன பயன் என்று அவர்கள் கேட்கின்றனர். சியூஸ் மகளைப் பங்கிட்டுக் கொடுத்தான், இவர்கள் பங்கிடவில்லை. செவிலி என்ன மறுமொழி சொன்னாள் என்று பாட்டில் இல்லை.

நம் மண்ணிற் பிறந்த பொன்னும் இங்கே தங்கியதில்லை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிப் பணிக்கு விடவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்களும் மூடப்பட்டன. இன்று மாரிகுப்பத்தினின்று பெங்களூர் செல்லும் வைகறை ரயிலில் நம் பெண்மக்களும் ஏறுகின்றனர். கணவரைக் குழிக்குள் அனுப்பிவிட்டுச் சங்கொலிக்குச் செவி சாய்த்திருந்த மூதாட்டியர், இப்போது பெயர்த்திக்கு உணவு கட்டிக் கொடுத்து, ரயில் திரும்பும் நேரத்தைக் கேட்கின்றனர்.